வெலாஸ்கஸ் வரைந்த பரேஹாவைப் பார்த்து முகம் வரையக் கற்றல்: வடசென்னை ஞாயிறு பயிற்சிக்கான இழை

#1 ராயபுரம்_தூரிகை

ஞாயிறு காலையில் கூடி வரைபவர்களில் பலருக்குச் சார்க்கோல் நன்றாகவே கைக்கு வந்துவிட்டது. எண்ணெய் வண்ணத்துக்கு வந்தவுடன்தான் சிக்கல். முகம் பவுடர் பூசியது போல வெளுத்துப் போகிறது, இல்லையென்றால் சேறாகிவிடுகிறது. இதைச் சரி செய்ய ஒரே ஒரு பழைய உருவப்படத்தை எல்லோரும் எடுத்து, அடிப்பூச்சிலிருந்து கடைசிவரை அப்படியே திரும்ப வரைந்து பார்க்கலாம்.

என் தேர்வு, ஸ்பானிய ஓவியர் தியேகோ வெலாஸ்கஸ் 1650-இல் ரோமில் வரைந்த ஹுவான் தே பரேஹாவின் உருவப்படம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. 81.3 × 69.9 செ.மீ., கேன்வாஸில் எண்ணெய் வண்ணம். அந்த மியூசியம் 2017 முதல் தன்னிடமுள்ள காப்புரிமை முடிந்த படைப்புகளின் உயர்தரப் படங்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்திருக்கிறது. பெரிதாக்கினால் தூரிகைத் தடம் வரை தெரியும்.

இதை எடுக்க முக்கியக் காரணம் தோல் நிறம். பரேஹா மாநிறத்தைத் தாண்டிய பழுப்பு நிறத்தவர். கடையில் விற்கும் பாடப் புத்தகங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கான கலவைதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு காசிமேட்டில் வெயிலில் நிற்கும் முகத்தை வரைய முடியாது. இன்னொன்று, வெலாஸ்கஸுக்கே இது கைப்பயிற்சி. போப் பத்தாம் இன்னசென்டை வரையப் போகுமுன், நேரில் ஒரு தலையை வரைந்து கையைப் பழக்கிக்கொள்ளவே பரேஹாவை உட்கார வைத்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதிய பலோமினோ சொல்கிறார். பரேஹா அப்போது அவரிடம் அடிமையாக இருந்தவர். அதே 1650-இல் விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. பிறகு அவரும் ஓவியராக வாழ்ந்தார். அந்த முகத்தின் நிமிர்வு தற்செயலாக வந்ததல்ல.

அளவு: முழுப் படத்தையும் பாதியாக்கினால் ஏறக்குறைய 40 × 35 செ.மீ. வரும். முகம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஹாக் பிரஷ் (விறைப்பான பன்றிமயிர்த் தூரிகை) அதற்குள் திரும்பாது. அதனால் தலையும் வெள்ளைக் காலரும் மட்டும், 50 × 40 செ.மீ. கேன்வாஸில். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

#2 கோட்டை_ஸ்டேஷன்

நம்மூரிலேயே வரையப்பட்ட படம் இருக்கும்போது ரோமுக்கு ஏன் போகணும்? ஐரிஷ் ஓவியர் தாமஸ் ஹிக்கி 1816-இல் மதராஸில் வரைந்த, நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சியோட படம் இருக்கே. பக்கத்தில் அவரோட இந்திய உதவியாளர்கள் நிற்பாங்க. வெள்ளைத் தோல், பழுப்புத் தோல் இரண்டும் ஒரே வெளிச்சத்தில். பழுப்பு நிறம் கற்கணும்னா அதைவிட நல்ல ஒப்பீடு எங்கே கிடைக்கும்?

#3 ராயபுரம்_தூரிகை

நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது சிறிய கேன்வாஸில் பலர் நிற்கும் படம். ஒவ்வொரு முகமும் சிறியது, நுண் தூரிகையால் இழைத்தது. முதல் பாடத்துக்குப் பெரிய தலை ஒன்று வேண்டும், ஒளியும் நிழலும் தெளிவாகப் பிரிய வேண்டும். ஹிக்கியை இரண்டாவதாக வைத்துக்கொள்வோம்.

உங்கள் கேள்வியில் எனக்கு வேறொன்று பிடித்திருக்கிறது. திரையில் மட்டும் பார்த்துவிட்டு எண்ணெய் ஓவியத்தில் இறங்கக் கூடாது. கோட்டை மியூசியத்தில் ஆளுநர்கள், தளபதிகளின் பெரிய உருவப்படங்கள் இருக்கின்றன, எழும்பூர் மியூசியத்தில் ரவி வர்மா இருக்கிறார். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. போனால் படத்துக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒளிப்பக்கத்தில் வண்ணம் தடித்தும் நிழற்பக்கம் மெல்லிய படலமாகவும் இருப்பது அப்போதுதான் புலப்படும். இந்தப் பாடத்தின் பாதி அதில் இருக்கிறது.

#4 பேனர்கை_தண்டையார்பேட்டை

அளவு சரி. கோடு போடுறதுக்குக் கட்டம்தான் நல்லது தம்பிங்களா. சுவர்ல அண்ணல் அம்பேத்கர் படம் 10 அடிக்குப் போடுறவன் என்ன பண்றான்? கட்டம் போட்டுத்தான் ஏத்துறான். பிரிண்ட் 25 × 20 செ.மீ. எடுங்க, 2.5 செ.மீ. கட்டம் போடுங்க. கேன்வாஸ்ல 5 செ.மீ. கட்டம். உயரத்துல 10, அகலத்துல 8, மொத்தம் 80 கட்டம். கண்ணு, மூக்கு, வாய் வர்ற கட்டத்தை மட்டும் குறுக்கால நாலாப் பிரிங்க, மத்ததுக்குத் தேவையில்லை.

பென்சில்ல அழுத்திப் போடாதீங்க. வெளிர் வண்ணத்துக்கு மேல காரீயக்கோடு பின்னாடி எட்டிப் பார்க்கும். வைன் சார்க்கோல்ல போட்டு, துணியால தட்டி விட்டு, மிச்சமிருக்கிற தடத்து மேல ரா அம்பரை (பழுப்பு மண் வண்ணம்) டர்பன்டைன்ல கரைச்சு மெல்லிசா எழுதிடுங்க. காஞ்சதும் கட்டத்தைத் துடைச்சிடலாம்.

#5 வியாசை_சார்க்கோல்

அண்ணே, கட்டம் வேகமானது என்பதில் மறுப்பில்லை. ஆனால் கற்றலுக்கு அது தடை. கட்டத்துக்குள் பார்க்கிறவன் கட்டத்தைத்தான் பார்ப்பான், தலையைப் பார்க்க மாட்டான். முக்கால் திருப்பத்தில் இருக்கும் தலையில் முதலில் நெற்றி நடுவிலிருந்து மோவாய் வரை போகும் நடுக்கோடு எவ்வளவு வளைகிறது என்று பிடிக்க வேண்டும். அப்புறம் புருவம், மூக்கின் அடி, வாய் ஆகிய மூன்றின் சாய்வும் ஒரே பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். தொலைவிலிருக்கும் கண் குறுகலாக இருக்கும். புதிதாக வரைபவர் இரண்டு கண்ணையும் ஒரே அகலத்தில் வைப்பார், முகம் தட்டையாகிவிடும். கட்டம் இந்தத் தவறை மறைத்துவிடும், ஆனால் தீர்க்காது. அடுத்து நேரில் ஒருவரை உட்கார வைத்தால் அவர் முகத்தில் கட்டம் இருக்காது.

என் பரிந்துரை: ஏ2 தாளில் மேட் பிரிண்ட் எடுத்து, 50 × 40 அளவில் கேன்வாஸுக்குப் பக்கத்திலேயே அதே உயரத்தில் ஒட்டுங்கள். இரண்டும் ஒரே அளவு. 6 அடி பின்னால் நின்று பாருங்கள், முன்னால் போய் ஒரு கோடு போடுங்கள், திரும்பப் பின்னால் வாருங்கள். ஒரு நூலில் சின்ன எடை கட்டித் தொங்கவிட்டால் எந்தப் புள்ளிக்கு நேர்கீழே எது வருகிறது என்று தெரிந்துவிடும்.

#6 பேனர்கை_தண்டையார்பேட்டை

நூல்குண்டு யோசனை ஒத்துக்கிறேன். சரி, இப்படி வச்சுக்கலாம். முதல்ல கண்ணால போடுங்க. போட்டு முடிச்ச பிறகு கட்டம் போட்ட டிரேசிங் ஷீட்டை மேல வச்சு எங்க தப்புன்னு பாருங்க. 5 மி.மீ.க்கு மேல விலகல் இருந்தா திருத்திட்டுத்தான் வண்ணத்தைத் தொடணும். தப்பான கோட்டை வண்ணம் காப்பாத்தாது.

#7 வியாசை_சார்க்கோல்

இது சரி அண்ணே. இப்படியே செய்வோம்.

#8 வெண்சுண்ணம்

அடிப்பூச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பவுடர் முகத்துக்கு முதல் காரணம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கேன்வாஸில் எந்தப் பழுப்பும் கருப்பாகத் தெரியும். பயந்துபோய் வெள்ளையைக் கலப்பீர்கள். கேன்வாஸ் மூடிய பிறகு பார்த்தால் எல்லாமே வெளுத்திருக்கும்.

எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் காடாத் துணி வாங்கினால் முதலில் வெந்நீரில் ஊற வைத்துக் கஞ்சியைப் போக்குங்கள். கஞ்சி இருந்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தில் நடுவிலிருந்து மூலை நோக்கி இழுத்து ஆணி அடியுங்கள். மூலையில் தொடங்கினால் சுருக்கம் நிற்கும். அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் துணியில் பூசும் வெள்ளைப் பூச்சு) 3 பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காக. வெயில் காலத்தில் 4 மணி நேர இடைவெளி போதும். மழைக்காலத்தில் ஒரு நாள் விடுங்கள். 320 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேயுங்கள். மூன்று நாள் கழித்து நிறம் ஏற்றலாம்: ரா அம்பர் 4 பங்கு, டைட்டானியம் வெள்ளை 2, ஐவரி பிளாக் 1. டர்பன்டைனில் கரைத்துப் பூசித் துணியால் துடையுங்கள். வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவில், கொஞ்சம் கருப்புப் பக்கம் சாய்ந்த சாம்பல் பழுப்பு வர வேண்டும். அது காய 2, 3 நாள் ஆகும்.

அக்ரிலிக் மேல் எண்ணெய் போகலாம். எண்ணெய்ப் பூச்சின் மேல் அக்ரிலிக் ஒருபோதும் போகக் கூடாது, உரிந்து வரும். வாசல் கதவுக்கு அடித்து மிச்சமான எனாமல் பிரைமரை எடுத்துக்கொண்டு யாரும் வர வேண்டாம். அது வழவழப்பாகக் காயும், வண்ணம் பிடிக்காது.

#9 ஓக்கர்_பெரம்பூர்

கலவைக்கு வருகிறேன். ஒரு கடலை அளவை ஒரு பங்கு என்று வையுங்கள். டியூப் வெறும் ஆறு: டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர், லைட் ரெட், ரா அம்பர், பர்ன்ட் அம்பர், ஐவரி பிளாக். நீலம் வேண்டாம். ஓக்கருக்கும் சிவப்புக்கும் பக்கத்தில் ஐவரி பிளாக்கும் வெள்ளையும் சேர்ந்த சாம்பல் கண்ணுக்கு நீலமாகத்தான் தெரியும். இதைத் தன் பேலட்டிலேயே (வண்ணம் கலக்கும் பலகை) பார்ப்பது பெரிய பாடம்.

நடு நிறம்: ஓக்கர் 2, லைட் ரெட் 2, ரா அம்பர் 1, வெள்ளை அரை.
ஒளி: ஓக்கர் 3, லைட் ரெட் 1, வெள்ளை 2.
நிழல்: பர்ன்ட் அம்பர் 3, லைட் ரெட் 1, கருப்பு அரை. வெள்ளை ஒரு துளியும் கூடாது.

சேறாவதற்கும் வெளுப்பதற்கும் காரணம் பெரும்பாலும் நிழலுக்குள் புகுந்த வெள்ளைதான். ஒளிக்கு ஒரு பிரஷ், நிழலுக்கு ஒரு பிரஷ் என்று தனித்தனியாகக் கையில் பிடியுங்கள். நடு நிறம் எந்தப் பக்கம் சேரும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஒளிப்பக்கம்.

பழுப்புத் தோலில் பலரும் தவறவிடும் இடம் நெற்றி, மூக்கு, கன்ன எலும்பு ஆகியவற்றின் மினுமினுப்பு. வெளிர்ந்த தோலில் நடு நிறத்துக்கும் மினுமினுப்புக்கும் இடைவெளி குறைவு. பழுப்புத் தோலில் அது பெரிய தாவல், விளிம்பும் கூர்மையாக நிற்கும். அந்த மினுமினுப்பு மஞ்சளாகவும் இருக்காது. சுற்றியுள்ள வெளிச்சத்தைத் தோல் கண்ணாடி போலத் திருப்பித் தருவதால் அது குளிர்ச்சியாக, சற்றுச் சாம்பலாக இருக்கும். ஒளிக் கலவையோடு ஒரு பங்கு வெள்ளையும் கத்தி நுனியில் தொட்ட ஐவரி பிளாக்கும் சேருங்கள். வெறும் வெள்ளையை வைத்தால் நெற்றியில் விபூதி பூசியது போல இருக்கும். மஞ்சளைக் கூட்டினால் வியர்வை போய் மெழுகாகிவிடும்.

தாடி தொடங்கும் தாடைப் பகுதியில் ஓக்கரோடு கருப்பு கலந்தால் மங்கலான பச்சை வரும். அதை நடு நிறத்தில் கொஞ்சம் விடுங்கள். அந்தப் பச்சை இருந்தால்தான் பக்கத்தில் உதட்டின் சிவப்பு உயிர் பெறும். உதட்டுக்கென்று தனிச் சிவப்பு டியூப் தேவையில்லை.

#10 வெண்சுண்ணம்

ஓக்கர் சொன்னதோடு ஒரு குறிப்பு. டியூபின் பெயரை நம்பாதீர்கள், பின்பக்கம் நிறமி எண்ணைப் பாருங்கள். டைட்டானியம் என்றால் பி.டபிள்யூ.6. பி.டபிள்யூ.4 என்றால் துத்தநாகம், எண்ணெயில் அது காலப்போக்கில் நொறுங்கும் தன்மை உடையது. பி.டபிள்யூ.1 என்றால் ஈய வெள்ளை. வெலாஸ்கஸ் கையில் இருந்தது அதுதான். டைட்டானியத்தைவிட அது மெல்லியது, வெதுவெதுப்பானது, அதனால் அவர் கலவைகள் எளிதில் வெளுக்கவில்லை. நஞ்சு என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம். டைட்டானியத்தையே பாதி அளவாகப் போட்டுப் பழகுங்கள்.

வெலாஸ்கஸின் வண்ணப் படலங்களில் கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல் மாவு, சேர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வண்ணத்துக்கு உடல் கொடுக்கும், ஆனால் நிறத்தை மறைக்காது. நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூளை நாலில் ஒரு பங்கு வண்ணத்தோடு கத்தியால் பிசைந்து பார்க்கலாம். சாக்பீஸை இடித்துப் போடாதீர்கள். அதில் பெரும்பாலும் ஜிப்சம் இருக்கும், மணலும் தட்டும்.

#11 கோட்டை_ஸ்டேஷன்

வெளிச்சம் பத்தி ஒரு கேள்வி. எல்லா புத்தகமும் வடக்கு ஜன்னல்னு சொல்லுது. நம்ம பக்கம் சந்துல வடக்கு ஜன்னல் கிடைச்சாலும் மே மாசம் கேன்வாஸ்ல வெயில் விழுதே, ஏன்?

#12 ராயபுரம்_தூரிகை

அந்தப் புத்தகங்கள் ஐரோப்பாவுக்கு எழுதியவை. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போய், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்பும். அந்த நாலு மாதம் நண்பகலிலும் வடக்கிலிருந்துதான் வெயில். மார்ச் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் வரை காலை, மாலைச் சாய்வெயிலும் வடக்குப் பக்கம் எட்டிப் பார்க்கும். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள். இல்லையென்றால் எல்.இ.டி. டியூபுக்கே போய்விடுங்கள்: ஒளியின் நிறம் 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல். இந்த இரண்டு எண்ணும் அட்டையில் இல்லாத விளக்கை வாங்க வேண்டாம்.

விளக்கு கேன்வாஸுக்கு மேலே 45 பாகையில். நேராக வைத்தால் ஈரமான கருப்பு பளபளத்துக் கண்ணை ஏமாற்றும். கேன்வாஸ், பிரிண்ட், பேலட் மூன்றிலும் ஒரே விளக்கின் வெளிச்சம் விழ வேண்டும். பேலட்டை மடியில் இருட்டில் வைத்துக் கலந்தால், கேன்வாஸில் வைத்தவுடன் வெளுத்துத் தெரியும். கண்ணாடி பேலட்டின் அடியில் அடிப்பூச்சு நிறத்திலேயே ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். கலக்கும்போதே உண்மை நிறம் தெரியும்.

மொபைலில் பார்த்து வரைபவர்கள் இரவுத் திரை வசதியை அணைத்துவிடுங்கள், அது எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். பிரிண்டில் கருப்புப் பகுதிகள் அடைத்துப் போகும். தலைமுடியும் உடையும் ஒரே இருட்டாகத் தெரியும். அதற்கு மட்டும் வெளிச்சம் கூட்டிய இரண்டாவது பிரிண்ட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

#13 வியாசை_சார்க்கோல்

வரிசை இப்படி வைக்கலாமா? முதல் அமர்வில் கோடும், ரா அம்பரில் நிழல் மொத்தமும். ஒரே நிழல், ஒரே ஒளி, நடுவில் எதுவும் வேண்டாம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கண்குழி, மூக்கின் அடி, மோவாய்க்குக் கீழ் எல்லாம் ஒரே நிழலாக ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலை அப்படியே போடுங்கள். இரண்டாவதில் நடு நிறம். மூன்றாவதில் முகம் முழுவதும் ஒரே ஈரத்தில். நாலாவது காலர், முடி, பின்னணி.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் மொபைலில் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்து, மூலத்தின் கருப்பு வெள்ளைப் படத்தோடு பக்கத்தில் வையுங்கள். நிறம் சரியாக இருந்தும் முகம் பொருந்தவில்லை என்றால் பத்தில் எட்டு முறை வெளிச்ச அளவில்தான் பிழை இருக்கும். இரண்டையும் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள்.

கண்ணின் வெள்ளை: அது வெள்ளை இல்லை. நெற்றி மினுமினுப்பைவிட இருண்ட சாம்பல். நெற்றிக்கு மேலான வெளிச்சத்தைக் கண்ணில் வைத்தால் முகம் மிரண்டு பார்க்கும். பரேஹா மிரளவில்லை, நிதானமாக நம்மைப் பார்க்கிறார்.

#14 பேனர்கை_தண்டையார்பேட்டை

காலர் லேஸைப் பத்திச் சொல்லிடுறேன், எல்லாரும் மாட்டிக்கிற இடம். நூல் நூலா எழுதாதீங்க. முதல்ல காலர் முழுக்க நடுச் சாம்பல் பூசுங்க. அது ஈரமா இருக்கும்போதே மடிப்போட இருட்டை ரெண்டு இழுப்புல வைங்க. அப்புறம் 4 நம்பர் ஹாக் பிரஷ்ல எண்ணெய் சேர்க்காத தடி வெள்ளையை எடுத்து, வெளிச்சம் விழுற மேட்டுல மட்டும் தொட்டுத் தொட்டு விடுங்க. ஒரு தொடல், ஒரு பிரஷ் நிரப்பல். ரெண்டாவது தடவை அதே வண்ணத்தோட தொட்டா அடிச் சாம்பல் ஏறிக்கும். கிட்டப் பார்த்தா கிறுக்கல், 6 அடில லேஸ். அவர் செஞ்சதும் அதுதான்.

தலைமுடி ஓரம் பின்னணியோட ஈரத்துல ஈரமா கலக்கணும். கத்தரிச்ச மாதிரி நின்னா கட்-அவுட் ஆயிடும். சுவர்ல 50 அடி தூரத்துக்கு அந்தக் கூர் வேணும், இங்க வேணாம்.

#15 கோட்டை_ஸ்டேஷன்

இரண்டாவது அமர்வு முடிஞ்சு காஞ்ச பிறகு அம்பர் போட்ட இடமெல்லாம் சாம்பல் மாதிரி மங்கிப் போச்சுன்னா, அதுக்கு மேல நிறம் பொருத்துறது எப்படி?

#16 வெண்சுண்ணம்

எண்ணெய் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அம்பர்கள் எண்ணெயை நிறைய இழுப்பவை, ஜெஸ்ஸோவும் உறிஞ்சும். சுத்திகரித்த லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து, மங்கிய இடத்தில் விரலில் சுற்றிய துணியால் மெல்லத் தேய்த்து, 10 நிமிடம் விட்டு, மிச்சத்தை முழுவதும் துடையுங்கள். உண்மையான இருட்டு திரும்பி வரும். தேங்க விட்டால் மஞ்சளிக்கும்.

காய்வதைப் பற்றி: எண்ணெய் வண்ணம் துணி போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டிப்படுகிறது. அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாது. ஐவரி பிளாக்கும் டைட்டானியமும் ஒரு வாரம் வரை இழுக்கும். கடலோர ஈரத்தில் இன்னும் தாமதமாகும். அதனால் அடியில் அம்பர், மேலே கருப்பு. மாற்றிப் போட்டால், காயாத கருப்பின் மேல் மேற்படலம் முதலில் இறுகி வெடிக்கும். முதல் பூச்சு டர்பன்டைனோடு, அடுத்தது டியூபில் இருப்பது போல, கடைசியில் 5 பங்கு வண்ணத்துக்குக் கால் பங்கு எண்ணெய். மேலே போகப் போக எண்ணெய் கூடலாம், குறையக் கூடாது. மின்விசிறிக் காற்று நல்லது. வெயிலில் நிறுத்தினால் மேற்பரப்பு மட்டும் தோல் கட்டும்.

பெயின்ட் கடையில் தார்ப்பின் என்று வாங்குவது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதை பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எல்லோரும் படியுங்கள்: லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடு கிளம்பும், குவியலில் அந்தச் சூடு வெளியேறாமல் தானே தீப்பிடிக்கும். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவில் இது விளையாட்டில்லை. தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் கொடியில் ஒற்றையாக விரித்துக் காய வையுங்கள்.

#17 ஓக்கர்_பெரம்பூர்

முடித்த பிறகு: வார்னிஷ் 6 மாதத்துக்கு முன் வேண்டாம். தடி வெள்ளை வைத்த காலருக்கு ஒரு வருடம் விடுவது நல்லது. கேன்வாஸைச் சுவரோடு ஒட்டிச் சாய்க்காதீர்கள், இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் துணி தொய்ந்தால் மூலை ஆப்புகளைத் தட்டி இறுக்குங்கள். பின்பக்கம் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டாம்.

பின்பக்கத்தில் "வெலாஸ்கஸைப் பார்த்து வரைந்தது" என்றும் தேதியும் எழுதுங்கள். முன்பக்கம் கையெழுத்து வேண்டாம். நகல் எடுப்பவர்கள் மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது என்பது லூவ்ர் மியூசியத்தில் விதி. நம் 50 × 40 தலைப்பகுதியில் அந்தக் குழப்பமே வராது.

#18 ராயபுரம்_தூரிகை

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். தொகுத்து இதுதான் வரிசை: இந்த ஞாயிறு துணி கட்டுவதும் ஜெஸ்ஸோவும். மூன்று நாள் கழித்து அவரவர் வீட்டில் சாம்பல் பழுப்புப் பூச்சு. அடுத்த ஞாயிறு கண்ணால் கோடு, பிறகு டிரேசிங் ஷீட் வைத்துச் சோதனை. 5 மி.மீ. தாண்டியவர்களுக்கு அன்றைக்கு வண்ணம் இல்லை. ஏ2 பிரிண்ட்களை ஒரே இடத்தில், ஒரே நாளில் எடுத்துவிடலாம். வெவ்வேறு மெஷினில் எடுத்தால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பரேஹா இருப்பார்.

#19 வியாசை_சார்க்கோல்

நூல்குண்டுக்கு மீன்பிடி ஈயக்குண்டு போதும் சார், காசிமேட்டில் கிடைக்கும். எல்லோருக்கும் சேர்த்து நான் வாங்கி வருகிறேன்.